எம்ப்டி ரைடு போறவனோட கணக்கு

தமிழ் தலைவாஸ் தோத்த மறுநாள் காலைல நம்ம காலேஜ் பஸ்ல ஏறிப் பாருங்க. குமணன்சாவடி தாண்டுறதுக்குள்ள ரைடரைத் திட்டி முடிச்சிருப்பாங்க. பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டு வர்றதுக்குள்ள டிஃபென்ஸ் முடிஞ்சிடும். நசரத்பேட்டைல மிச்சம் இருக்கிறது ஒரே ஆள்தான். கோச். "கோச்சை மாத்தினாத்தான்டா இந்த டீம் உருப்படும்"னு தீர்ப்பு சொல்லிட்டு எல்லாரும் ஹெட்போனை மாட்டிக்குவாங்க.

மாத்தாம இல்லை. 2017-ல தலைவாஸ் முதல் சீசன் ஆடினப்போ கோச் காசிநாதன் பாஸ்கரன். 2014-ல முதல் புரோ கபடி கோப்பையை ஜெய்ப்பூருக்கு வாங்கிக் கொடுத்தவர். நம்ம டீம்ல அவருக்குக் கிடைச்சது அந்தப் பிரிவுல கடைசி இடம். அடுத்து வந்தவர் இ. பாஸ்கரன். 2015-ல யு மும்பாவை ஜெயிக்க வச்சவர். அவருக்கும் அதே கடைசி இடம்தான். அஜய் தாக்கூர், மஞ்சீத் சில்லர், ராகுல் சவுத்ரினு பெரிய பெரிய பேரெல்லாம் டீம்ல இருந்த காலம் அது.

அப்புறம் 2022. அந்த வருஷ ஏலத்துல 2.26 கோடி கொடுத்து எடுத்த பவன் செராவத், முதல் மேட்ச்லயே முட்டி அடிபட்டு வெளியே போயிட்டார். நடு சீசன்ல கோச்சும் மாறி அஷன் குமார் வந்தார். பேர் தெரியாத பசங்களை வச்சு முதல் தடவையா செமி ஃபைனல் வரைக்கும் போனோம். சரி, வழி கிடைச்சிடுச்சுன்னு நினைச்சா, அடுத்த சீசன்ல அதே கோச், கிட்டத்தட்ட அதே பசங்க, ஒன்பதாவது இடம்.

அப்போ கோச் முக்கியமா, இல்லையா? இந்தக் கேள்வி ரொம்ப நாளா மண்டைக்குள்ள ஓடிட்டு இருந்தது. இப்ப எனக்கு அதைவிட வேற ஒரு கேள்விதான் முக்கியமாப் படுது. ஒரு கோச் ஒரு ஸ்டைலைக் கொண்டு வந்தா, அதுக்கான விலையை யார் கொடுக்கிறது?

நான் காலேஜ் கபடி டீம்ல இருக்கேன்னு சொன்னா கிளாஸ்ல பாதிப் பேர் நம்ப மாட்டாங்க. இங்கிலீஷ் மீடியம் ஸ்கூல், கில்லி படத்துல பார்த்த கபடியோட சரி. ஃபர்ஸ்ட் இயர்ல ஹாஸ்டல் பசங்க ஆள் குறையுதுன்னு இழுத்துட்டுப் போனாங்க. நாலு வருஷம் ஆச்சு. டீம்ல என் வேலை கவர்ல நிக்கிறது, அப்புறம் எம்ப்டி ரைடு போறது.

தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். ஒரு ரைடுக்கு 30 செகண்ட். எதிர்க் கோர்ட்டுக்குள்ள பாடிக்கிட்டே போய், பால்க் லைனைத் தாண்டிட்டு, யாரையும் தொடாம, யார்கிட்டயும் மாட்டாம திரும்பி வந்தா அது எம்ப்டி ரைடு. பாயிண்ட் கிடையாது, அவுட்டும் கிடையாது. தொடர்ந்து ரெண்டு எம்ப்டி போனா மூணாவது 'டூ ஆர் டை'. அதுல பாயிண்ட் எடுக்கலைன்னா போனவன் அவுட்.

இந்த ஒரே ஒரு விதிதான் கபடி கோச்சிங்கையே மாத்தினது. அது இல்லைன்னா லீட்ல இருக்கிற டீம் கடைசி வரைக்கும் சும்மா போயிட்டு வந்துக்கிட்டே இருக்கலாம், பார்க்கிறவனுக்குத் தூக்கம் வந்துடும். விதி வந்ததும் கோச்சுங்க அதையே ஆயுதமா மாத்திட்டாங்க. டிஃபென்ஸ் ஸ்ட்ராங்கா இருந்தா, அவசரப்பட்டுப் பாயாம உள்வாங்கி நின்னு, எதிராளியை மூணாவது ரைடுக்குத் தள்ளு. அங்க அவன் வந்தே ஆகணும். வரட்டும், பிடிச்சுக்கலாம்.

கோச் பி.சி. ரமேஷை எடுத்துக்கோங்க. மூணு வேற வேற டீமுக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்திருக்கார்: பெங்களூரு புல்ஸ், பெங்கால் வாரியர்ஸ், புனேரி பல்டன். பெங்களூருல பவன் செராவத்ங்கிற ஒரே மனுஷனைச் சுத்தி டீம் நின்னது. குஜராத்துக்கு எதிரான அந்த ஃபைனல்ல பவன் மட்டும் 22 பாயிண்ட். 2024 மார்ச்ல புனே ஜெயிச்சப்போ ஸ்கோர் 28-25. அஸ்லம், மோஹித், பங்கஜ்னு ரைடை ஆளுக்குக் கொஞ்சமா பிரிச்சுக்கிட்டாங்க. அதே கோச்தான், ரெண்டு ஸ்டைலும் ஒண்ணுக்கொண்ணு நேர் எதிர். கையில இருக்கிற ஆளைப் பார்த்துத்தான் அவர் ஸ்டைலை எடுக்கிறார்.

ஆனா அப்படிப் பங்கு பிரிச்சு ஆடுற டீம்ல ஒவ்வொருத்தனோட பாயிண்டும் குறையும். அது எவ்வளவு பெரிய விஷயம்னு எனக்கு இந்த வருஷம் ஜோனல்ஸ்லதான் உறைச்சுது.

செமி ஃபைனல். அஞ்சு நிமிஷம் பாக்கி, நாங்க 27-25. எங்க மெயின் ரைடர் தேர்டு இயர் பையன், செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கத்து ஊர்க்காரன். பொங்கல் சீசன்ல சுத்துப்பட்டு ஊர்ல எந்த நைட் டோர்னமென்ட் நடந்தாலும் மைக்ல அவன் பேர் கேட்கும். அன்னைக்கு அதுவரைக்கும் 11 பாயிண்ட் எடுத்திருந்தான். மாவட்ட டீமுக்கு ஆள் பார்க்கிற ஒருத்தர் வந்து உட்கார்ந்திருக்கார்னு எல்லாருக்கும் தெரியும். அவன் ரைடு போனா டச் எடுக்காம திரும்ப மாட்டான். அவனோட பலம் அதுதான். ரெண்டு பாயிண்ட் லீட் இருக்கிறப்போ டீமுக்குப் பயமும் அதுதான்.

பி.டி. சார் கையைக் காட்டினார். என்னைப் பார்த்து.

நான் போனேன். லைனைத் தாண்டினேன், கையை வீசுற மாதிரி காட்டினேன், 30 செகண்டையும் தின்னுட்டு வந்தேன். அடுத்ததும் நான்தான். மூணாவது டூ ஆர் டை. இதுக்காவது அவனை அனுப்புவார்னு நாங்க நினைச்சோம். சார் ஃபர்ஸ்ட் இயர் பையன் ஒருத்தனை அனுப்பினார். போனான், மாட்டினான். 27-26. சாருக்கு ஒரு பாயிண்ட் போனா பரவாயில்லை, இவன் கோர்ட்டை விட்டு வெளியே போயிடக் கூடாது. கார்னர்ல அவன்தான் எங்களோட பிடி. அவர் கணக்கு தப்பலை. எதிர் டீம் ரெண்டு தடவை டச் கிடைக்காம திரும்பி, மூணாவதுல வந்தே ஆகணும்னு வந்தப்போ, அவனே காலைப் பிடிச்சுப் போட்டான். 28-26. அப்புறம் அவங்க ஒரு போனஸ் எடுத்தாங்க. கடைசி ரெண்டு ரைடும் நான்தான். 28-27. ஜெயிச்சுட்டோம்.

எல்லாரும் என்னைத் தூக்கிப் போட்டுப் பிடிச்சாங்க. நாலு தடவை உள்ளே போய் ஒரு பாயிண்ட்கூட எடுக்காதவனை! அவன் மட்டும் ஒதுங்கி உட்கார்ந்து முட்டியில இருந்த டேப்பைப் பிச்சுக்கிட்டு இருந்தான். பக்கத்துல போய் உட்கார்ந்தேன்.

"அண்ணா, டீம் ஜெயிச்சதுல எனக்கும் சந்தோஷம்தான். ஆனா அந்த ஆள் நோட்டுல டீம் பேரா எழுதுவார்? கடைசி அஞ்சு நிமிஷம் நான் எத்தனை ரைடு போனேன்னுதானே எழுதுவார்?"

எனக்குப் பதில் வரலை. எனக்குக் கபடி ரெஸ்யூமேல ஒரு வரி. அவனுக்கு அப்படி இல்லை. அப்பாவுக்குக் கூலி வேலை, வீட்டுல அடுத்து ரெண்டு பேர் படிக்கணும். ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல ரயில்வேயோ போலீஸோ கிடைச்சிடணும்னு விடியக்காலைல எழுந்து ஏரிக்கரையில ஓடுறவன். அந்த வேலைக்கு மாவட்டம், மாநிலம்னு சர்டிபிகேட் வேணும். அதுக்கு செலக்‌ஷன்ல பேர் வரணும். பேர் வரணும்னா பாயிண்ட் எடுத்துக் காட்டணும்.

அன்னைக்கு ராத்திரி தூக்கம் வராம யூடியூப்ல கோச்சிங் வீடியோவா பார்த்துட்டு இருந்தேன். அது என்னை அயர்லாந்துல கொண்டு போய் விட்டுச்சு. அங்க கேலிக் ஃபுட்பால்னு ஒரு ஆட்டம். நமக்குக் கபடி மாதிரி அவங்க மண்ணோட ஆட்டம். டீமுக்கு 15 பேர். காலால உதைக்கலாம், கையாலயும் தட்டலாம். வலைக்குள்ள போனா 3 பாயிண்ட், பாருக்கு மேல போனா 1. டோனிகால்னு ஒரு மாவட்டத்துக்கு ஜிம் மெக்கின்னஸ் மேனேஜரா வந்தார். ஆள் அத்தனை பேரையும் பின்னால இழுத்துப் போர்வை மாதிரி கோலை மூடினார். 2011 செமி ஃபைனல்ல டப்ளின் 8, டோனிகால் 6. அவ்வளவுதான் மொத்த ஸ்கோரே. இதெல்லாம் ஒரு ஆட்டமான்னு நாடே திட்டிச்சு. அடுத்த வருஷம் அவர் டீம்தான் சாம்பியன்.

மத்தவங்களும் அதையே பிடிச்சுக்கிட்டு ஆட்டம் மந்தமாகிப் போக, கடைசியில விதியையே மாத்தினாங்க. அந்தக் குழுவுக்குத் தலைவர் ஜிம் கேவின். டப்ளினை 2015-லிருந்து 2019 வரைக்கும் தொடர்ந்து அஞ்சு தடவை ஜெயிக்க வச்ச மேனேஜர். 2025-லிருந்து ஒவ்வொரு டீமும் எப்பவும் மூணு பேரையாவது எதிர்ப் பாதியில விட்டு வைக்கணும், தூரத்துலிருந்து அடிச்சா 2 பாயிண்ட். நம்ம டூ ஆர் டை மாதிரியேதான்.

ஆனா என்னை நிமிர்ந்து உட்கார வச்சது வேற ஒரு தகவல். அந்த ஆட்டக்காரங்களுக்குச் சம்பளம் கிடையாது. டீச்சர், எஞ்சினியர், விவசாயினு ஆளுக்கொரு வேலை இருக்கு. சாயங்காலம் வந்து சொந்த மாவட்டத்துக்காக ஆடுறாங்க. "நீ கோல் அடிக்க வேணாம், பின்னால நில்லு"னு மெக்கின்னஸ் சொன்னா, அந்தப் பையன் பேப்பர்ல பேர் வர்றதை இழப்பான், ஆசையை விட்டுக் கொடுப்பான். சோறு போகாது. இங்க அதே வார்த்தையை எங்க சார் சொன்னா ஒருத்தனோட வேலையே போகலாம். டாக்டிக்ஸ் ஒண்ணுதான். விலை ஒண்ணு இல்லை.

ரெண்டு நாள் கழிச்சு சார்கிட்டயே கேட்டேன். கோபப்படுவார்னு நினைச்சேன், படலை. விசிலை விரல்ல சுத்திக்கிட்டே சொன்னார்: "டீமுக்கும் நான்தான் கோச். அவனுக்கும் நான்தான் கோச். ரெண்டு வேலையும் ஒரே அஞ்சு நிமிஷத்துல பார்க்க முடியாதுடா. அன்னைக்கு நாம தோத்திருந்தா ஃபைனலே இல்லை. ஃபைனல் இல்லைன்னா அவனை யாருமே பார்த்திருக்க மாட்டாங்க."

அது சரிதான். பையன் கேட்டதும் சரிதான்.

ஃபைனல்ல சார் அவனை நிறுத்தவே இல்லை. கடைசி நிமிஷம் வரைக்கும் ரைடு விட்டார். 14 பாயிண்ட் எடுத்தான். நாங்க மூணு பாயிண்ட்ல தோத்தோம். கோப்பை போனதுக்காக சார் ஒரு வார்த்தை பேசலை. காலேஜ்ல சில பேர் "கோச் சொதப்பிட்டாரு"ன்னு பேசிக்கிறாங்க. செமில ஜெயிச்சப்போ அதே வாய் அவரை மூளைக்காரர்னு சொன்னது.

இப்ப நான் ஒரு எக்செல் ஷீட் போட்டிருக்கேன். கத்துக்கிட்ட படிப்பு இதுக்காவது உதவட்டும். யார் எத்தனை பாயிண்ட்ங்கிறதோட நிறுத்தலை. யார் நின்ன பக்கம் ரைடர் வரப் பயந்தான், யார் பிடி எதிராளியை டூ ஆர் டைக்குத் தள்ளுச்சு, யார் எத்தனை செகண்ட் ஓட்டினான்னு எல்லாத்துக்கும் ஒரு கட்டம். செமில அந்தக் கடைசி அஞ்சு நிமிஷத்துக்கு நேரா அவன் பேர்ல ரைடு பூஜ்யம்தான். பக்கத்துக் கட்டத்துல, மேட்சை ஜெயிச்சுக் கொடுத்த பிடி ஒண்ணு இருக்கு. சார் கையெழுத்துப் போட்டு அந்த ஷீட்டையும் மாவட்டத்துக்கு அனுப்பியிருக்கார். அதை யாராவது பிரிச்சுப் பார்ப்பாங்களான்னு தெரியாது. செலக்‌ஷன் லிஸ்ட் இன்னும் வரலை.

அதுவரைக்கும் சாயங்காலம் 4:30-க்கு கிரவுண்டுக்கு வாங்க. அவன் ரைடு போறதைப் பார்க்க மட்டும் இல்லை. அவன் போகாம கார்னர்ல காத்துக்கிட்டு நிக்கிறதையும் ஒரு தடவை பாருங்க.