சந்தா கட்டாதவர்களின் ஓட்டு

ஆசிரியர் சங்கத்தில் இருந்த காலத்தில் எனக்குச் சட்டமன்ற ஆசை இருந்தது. வெளியே சொன்னதில்லை. வட்டாரச் செயலாளராக மேடையேறி, அகவிலைப்படி நிலுவை, பதவி உயர்வு என்று முழங்கிவிட்டு இறங்கினால், "அண்ணே, நீங்க கோட்டையில பேச வேண்டிய ஆளு" என்று யாராவது சொல்வார்கள். ஒரு வாரத்துக்கு அந்த மிதப்பு போதும்.

அந்த ஆசைக்கு ஹுப்பள்ளி பசவராஜ் ஹொரட்டி முன்மாதிரி. உடற்கல்வி ஆசிரியர். 1980-ல் கர்நாடக மேலவைக்கு மேற்கு ஆசிரியர் தொகுதியில் ஜெயித்தார். பிற்பாடு பள்ளிக் கல்வி அமைச்சர், மேலவைத் தலைவர் என்று உயர்ந்தார். 2022-ல் கட்சி மாறி நின்றும் எட்டாவது முறையாக அதே தொகுதியில் வென்றார். அரசியல் சாசனத்தின் 171-ஆவது பிரிவு மேலவையில் பன்னிரண்டில் ஒரு பங்கை ஆசிரியர் தொகுதிகளுக்கு ஒதுக்குகிறது. உயர்நிலைப் பள்ளிக்குக் குறையாத நிறுவனங்களில் மூன்று ஆண்டாவது பாடம் நடத்தியவர்களுக்கே அதில் ஓட்டு. தொடக்கப் பள்ளி ஆசிரியருக்கே கிடையாது, பெற்றோருக்கு எங்கே? அங்கே மாறுதல், பென்ஷன் என்று பேசினால் கேட்கிற அத்தனை பேரும் வாக்காளர்கள்.

தமிழ்நாட்டில் அந்த வழி 1986 நவம்பர் 1-ல் மேலவையோடு மூடப்பட்டது. இங்கே அரசுப் பள்ளி ஆசிரியர் எம்.எல்.ஏ. ஆக வேண்டுமென்றால் வேலையை விட வேண்டும், கட்சி சீட் தர வேண்டும், கடைசியில் ஊர் ஓட்டுப் போட வேண்டும்.

ஊர் எங்களை எப்படிப் பார்க்கிறது என்பது 2003 ஜூலையில் தெரிந்தது. பறித்த ஓய்வூதியச் சலுகைகளைத் திரும்பக் கேட்டு வேலைநிறுத்தம். அரசு அவசரச் சட்டம் போட்டு சுமார் 1,70,000 ஊழியர்களையும் ஆசிரியர்களையும் பணிநீக்கம் செய்தது. அதில் நானும் ஒருவன். தெருவே கொதிக்கும் என்று நினைத்தேன். டீக்கடையில் என் மாணவன் ஒருவனின் அப்பா கேட்டார்: "சார், உங்க சம்பளத்துக்கு ஸ்ட்ரைக் பண்றீங்க, சரி. கணக்கு வாத்தியார் இல்லாம ஒரு வருஷம் ஓடுச்சே, அதுக்கு யாரும் பண்ணலியே?" குரலில் கோபம்கூட இல்லை.

மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்து வகுப்புக்குத் திரும்பினேன். அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை என்று ஆகஸ்ட் 6-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அடுத்த ஆண்டு மக்களவைத் தேர்தலில் மாநில ஆளுங்கட்சிக்கு ஓர் இடமும் கிடைக்கவில்லை. எங்கள் சாபம்தான் என்று சங்கத்தில் மார்தட்டினார்கள். டீக்கடைக் கேள்வி மனதில் இருந்ததால் என்னால் முழு மனதோடு சேர்ந்துகொள்ள முடியவில்லை.

பிறகு எங்கள் வட்டாரக் கோரிக்கை மனுவில் காலிப் பணியிடமும் கழிப்பறையும் முதல் வரிக்கு வந்தன. "இது பி.டி.ஏ. பார்க்க வேண்டிய வேலை" என்று சில தோழர்கள் முணுமுணுத்தார்கள். ஆனால் மாவட்டக் கல்வி அலுவலகத்தில் தர்ணா உட்கார்ந்தபோது பெற்றோரும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்கள். நாங்கள் மட்டும் போனால் டீ கொடுத்து அனுப்புகிற அதிகாரி, அன்றைக்கு ஃபைலை எடுத்துவரச் சொன்னார்.

நான் தேர்தலில் நிற்கவில்லை. பென்ஷன் கணக்கைப் போட்டுப் பார்த்துத் தயங்கியதும் ஒரு காரணம். சங்கத்திலிருந்து சட்டமன்றம் போக நினைக்கிற இளைஞர்கள் யோசனை கேட்டால் ஒன்றுதான் சொல்கிறேன்: உன் கோரிக்கை மனுவை சந்தா கட்டாத ஒரு கூலிக்காரத் தகப்பனிடம் வாசித்துக் காட்டு. அதில் அவர் பிள்ளைக்கென்று ஒரு வரி இருந்தால், போய் சீட் கேள்.