நின்றால் அணைகிற விளக்கு

1984-ஆம் வருஷம். என் பெரிய பெண் அப்போது பத்தாம் வகுப்பு. தஞ்சாவூரில் கரந்தை தாண்டி, வெண்ணாற்றங்கரைப் பக்கம் எங்கள் வீடு. மேல வீதியில் கணக்கு டியூஷன் முடிய இரவு எட்டாகி விடும். லேடீஸ் சைக்கிளில்தான் வருவாள். 'அதுதான் டைனமோ லைட் இருக்கிறதே' என்று நானும் நிம்மதியாகத் தோசை வார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் ஒன்பதாகியும் ஆளைக் காணோம். கடைசியில் யாரோ ஒரு பெரியவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வர, பின்னால் இவள் கையைப் பிடித்தபடி அழுதுகொண்டே வந்தாள். முன்னால் போன மாட்டு வண்டி சட்டென்று நிற்க, இவளும் காலை ஊன்றி நின்றிருக்கிறாள். சக்கரம் நின்றதும் விளக்கும் அணைந்து விட்டது. பின்னால் வந்த சைக்கிள் இருட்டில் நேரே வந்து மோதி விட்டது. முழங்கையில் எலும்பு விரிசல். மூன்று வாரம் மாவுக்கட்டு.

"டியூஷனும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம்" என்று விட்டார் என் கணவர். எனக்குத் துக்கம் தொண்டையை அடைத்தது. நான் எட்டாவதோடு நின்றதும் இப்படித்தான். 'இருட்டுகிற நேரத்தில் பெண் பிள்ளை எங்கே போய் வருவது?' என்று வீட்டில் ஒரு வார்த்தை சொன்னார்கள், படிப்பு முடிந்தது. இவளுக்கும் அதேதானா?

மறுநாள் நானே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தெருமுனைக் கடை பாயிடம் போனேன். போகிறவர் வருகிறவர் எல்லாம் ஒரு மாதிரி பார்த்தார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும்.

"பின்னாடி பல்ப் எப்பவோ போயிருக்கும்மா. யாருமே பார்க்கலியா?" என்றார் பாய். முன்னால் எரிகிறதே என்று இருந்து விட்டோம். பின்னால் யார் குனிந்து பார்த்தது! முன் பல்பும் கறுத்துப் போயிருந்தது. டைனமோ ஆறு வோல்ட், மூன்று வாட். இரண்டு பல்பும் சேர்ந்து அந்த மூன்று வாட்டுக்குச் சரியாக இருக்க வேண்டுமாம். ஒன்று போனால் அதன் பங்கும் மற்றதன் தலையில் ஏறி, அதுவும் சீக்கிரம் போய்விடும். இரண்டு மருமகள் இருக்கிற வீட்டில் ஒருத்தி ஊருக்குப் போனால் இன்னொருத்தி இடுப்பு ஒடிகிற கதைதான்!

டைனமோவும் கோணலாக மாட்டியிருந்தது. அதன் தலை டயரின் பக்கவாட்டில் முழுசாகப் படிய வேண்டும். உடம்பு சக்கரத்தின் அச்சைப் பார்த்து நேராக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் டயரைத் தின்னும், மிதிக்கவும் கனக்கும். "கனமாயிருக்கும்மா" என்று இவள் பல நாள் டைனமோவைத் தள்ளி விட்டு, விளக்கே இல்லாமல் வந்ததும் அப்போதுதான் தெரிந்தது. டயரில் காற்று குறைந்தாலும், மழையில் நனைந்தாலும் தலை வழுக்கும், வெளிச்சம் விட்டுவிட்டு வரும். ஒயர் ஒன்றுதான், கரண்ட் திரும்புகிற வழி சைக்கிளின் இரும்பே. அதனால் டைனமோவின் பிடிப்பில் இருந்த துருவை உப்புக் காகிதத்தால் தேய்த்து எடுத்து, திருகை முடுக்கினார்.

"எல்லாம் சரி பாய், நின்றால்?"

"நின்னா அணையத்தாம்மா செய்யும். சுத்தினாதானே கரண்ட்டு!"

பின் மட்கார்டில் பெரிய சிவப்பு ரிஃப்ளெக்டர் மாட்டி, கீழே வெள்ளைப் பெயிண்ட் அடித்துக் கொடுத்தார். மற்றவர் வண்டியில் விளக்கு இருந்தால்தானே ரிஃப்ளெக்டர் மின்னும்? அதனால் வீட்டிலிருந்த டார்ச்சின் முகத்தில் சிவப்புக் கண்ணாடிக் காகிதம் ஒட்டி, கேரியரில் பின்பக்கம் பார்த்துக் கட்டினேன். அது என் சொந்த மூளை!

இப்போது நின்ற பிறகும் சில நிமிஷம் எரிகிற டைனமோ விளக்குகள் இருக்கின்றன. வாங்குகிறவர்கள் அதைக் கேட்டு வாங்குங்கள். என் பேத்தி சைக்கிளில் சார்ஜ் செய்கிற விளக்கு. சார்ஜ் போட மறந்தால் அதுவும் இருட்டுதான்.

கட்டுப் பிரித்ததும், "ஒரு வாரம் பார்க்கலாம்" என்று இறங்கி வந்தார் என் கணவர். எட்டு மணியானால் வாசலில் போய் நின்று கொள்வார். திருப்பத்தில் இவள் வேகத்தைக் குறைக்கும்போது விளக்கு மங்கும், மறுபடி மிதித்ததும் பளிச்சென்று வரும். அதைப் பார்த்ததும் விறுவிறுவென்று உள்ளே வந்து, பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டு, "வந்துட்டாளா?" என்று என்னைக் கேட்பார்.