பச்சை அட்டையும் என் மருமகனும்

நம் கல்லூரி யூபிலி மலருக்குக் கட்டுரையொன்று தருமாறு மலர்க் குழுவினர் பணித்தபோது, தமிழாசிரியனாகிய என்னிடம் இலக்கியக் கட்டுரையையே எதிர்பார்த்திருப்பர். யான் எழுதப் புகுந்ததோ மோட்டார் வண்டிக் காப்புறுதி பற்றி. கடல் கடந்து வாழும் நம் பழைய மாணவர் பலர் நன்மை தீமைகளுக்கு நாடு விட்டு நாடு காரிலேயே செல்பவராதலின், அவர்க்கேனும் இது பயன்படலாம்.

2023 ஆம் ஆண்டிலே விடுப்புப் பெற்று இலண்டனில் என் தமக்கையார் வீட்டிற் சில வாரம் தங்கியிருந்தேன். (விசாப் பெற்ற கதை வேறொரு மலருக்குரியது.) அவர் மகன் ஒன்பதாம் வகுப்புவரை இக்கல்லூரியில் என்னிடமே தமிழ் கற்றவன். அப்போது வயது 24. உழைத்த பணத்தையெல்லாம் பழைய சுபாரு இம்பிரெசா ஒன்றிற் கொட்டியிருந்தான். எஞ்சினை ஆளும் கணினியின் கட்டளைகளைத் திருத்தி வலுவைக் கூட்டியிருந்தான், புகைக்குழாயையும் மாற்றியிருந்தான். அதனை முடுக்கினால் அயல்வீட்டு யன்னல்கள் அதிரும். ஜேர்மனியில், காமாட்சி அம்பாள் கோயில் அமைந்த ஹம் நகரில், எம் உறவினர் திருமணம். அவ்வண்டியிலேயே என்னை அழைத்துச் செல்வதென அவன் உறுதி கொண்டான். காப்புறுதியோ அம்மாதத்துடன் முடிவதாயிருந்தது.

ஏழு நிறுவனங்கள் கைவிரித்தன. அந்நாட்டிலே அப்போது வண்டிகளை 1 முதல் 50 வரை வகுத்துக் கட்டணம் கணித்தனர். விரைவு வண்டிகள் மேல்வகுப்பின. அதனோடு இளவயதும் மாற்றங்களும் அயல்நாட்டுப் பயணமும் சேர்ந்தால் யார் துணிவர்? எட்டாவது நிறுவனம் இசைந்தது. ஆயின் பிரித்தானியாவில் முழுக்காப்பு, கால்வாய்க்கு அப்பால் மூன்றாந்தரப்புக் காப்பு மட்டும்.

“காப்புறுதி காப்புறுதிதானே?” என்றேன். தீவிலே பிறந்தவன் கேட்கும் கேள்வி அது. நமக்கு வண்டியோட்டிக் கடக்க அயல்நாட்டு எல்லை எது?

ஐரோப்பாவில் ஒவ்வொரு நாடும் தன் சட்டப்படி காப்புறுதியைக் கட்டாயமாக்கியிருத்தலால், எல்லைதோறும் புதிதாய் வாங்கும் இடர்ப்பாடு நேர்ந்தது. அதனை நீக்கவே ஐக்கிய நாடுகளின் ஐரோப்பியப் பொருளாதார ஆணைக்குழு 1949 இற் செய்த பரிந்துரைப்படி, 1953 இற் பச்சை அட்டை முறை நடைமுறைக்கு வந்தது. வந்த வண்டி இடித்தால், இடித்த நாட்டின் காப்புறுதிப் பணியகம் இழப்பீட்டைக் கொடுத்து, வண்டியின் நாட்டுப் பணியகத்திடம் அதனை மீட்டுக்கொள்ளும். அட்டையிலே நாடுகளின் குறியெழுத்துக்கள் கட்டங்களில் இருக்கும். காப்பில்லாத நாடுகள் வெட்டப்பட்டிருக்கும். ஆனால் இவ்வேற்பாடு காப்பது எதிரே வருபவனை; தன் வண்டி நொருங்கினால் ஒரு சதமும் தாராது. 2021 ஓகஸ்ற் 2 முதல் பிரித்தானிய வண்டிகள் ஐரோப்பிய ஒன்றியத்துள் நுழைய இவ்வட்டை வேண்டியதில்லை; ஆயினும் காப்பின் எல்லை அதுவே.

இனி, யான் நாணுவதற்குரிய பகுதியைச் சொல்லவேண்டும். மலிவான ஒரு நிறுவனத்தின் படிவம் திரையிலே திறந்திருந்தது. வண்டியில் மாற்றம் ஏதேனும் செய்யப்பட்டுளதா என்பது வினா.

“இல்லை எண்டு போடு தம்பி. எஞ்சினைத் திறந்து பாக்க ஆர் வரப்போகினம்?” என்றேன். பரீட்சை மண்டபங்களிலே பிள்ளைகளின் கைகளை இருபது ஆண்டாகக் கண்காணித்தவன் சொன்ன சொல் அது.

அவன் கையை எடுத்துவிட்டான். “நீங்களோ மாமா இப்பிடிச் சொல்லுறியள்?” என்றான்.

பின்னர் அமைதியாக விளக்கினான். அந்நாட்டிலே 2013 ஏப்பிரில் முதல் நடைமுறையிலுள்ள சட்டப்படி, காப்புறுதி பெறுவோன் கேட்ட வினாவுக்குத் தக்க கவனத்துடன் உண்மையுரைத்தல் வேண்டும். கவலையீனத்தாற் பிழைத்தால் இழப்பீடு குறையலாம். அறிந்தே பொய் கூறினால் நிறுவனம் ஒப்பந்தத்தையே தள்ளிவிடலாம், கட்டிய பணத்தையும் வைத்துக்கொள்ளலாம். இடிபட்டவனுக்குக் கொடுத்ததை வண்டிக்காரனிடமே அறவிடவும் வழியுண்டு. யான் வாய் திறக்கவில்லை. எனக்குப் படிப்பித்தவன் போல அவனும், அவனிடம் படித்தவன் போல யானும் இருந்த மாலை அது.

மறுநாள், மாற்றஞ்செய்த வண்டிகளையே கவனிக்கும் தரகர் ஒருவர் தொலைபேசியில் அகப்பட்டார். ஒவ்வொரு மாற்றத்தையும் வினவிப் படங்களும் கேட்டார். திருட்டுப்போனால் இருப்பிடங்காட்டும் கருவியொன்றைப் பூட்டுமாறு பணித்தார். பயண நாள்களுக்கு ஐரோப்பாவிலும் முழுக்காப்புத் தந்தார். கட்டணம் முன்னைய ஆண்டினும் ஏறத்தாழ இருமடங்கு. நூர்பூர்க்ரிங் தடத்திலே ஓட்டலாகாது என்பதும் நிபந்தனை. 20 கிலோமீற்றருக்கும் மேற்பட்ட அத்தடத்தில் ஒரு சுற்றாவது ஓடவேண்டுமென்பது அவனது நெடுநாளாசை. பெருமூச்சொன்றுடன் ஒப்பமிட்டான்.

வேண்டாவிடினும் பச்சை அட்டையும் ஒன்று இருக்கட்டும் என்றேன். மின்னஞ்சலில் வந்ததை அச்சிட்டால் வெள்ளைத்தாள்! 2020 ஆடி முதல் அவ்வாறும் அச்சிடலாமாம். கடலடிச் சுரங்கத்தால் ரெயிலேறி, பெல்ஜியத்தினூடே ஹம் சேர்ந்து, தாலிகட்டுங் கண்டு மீண்டோம். அந்தத் தாளை எங்கும் ஒருவரும் கேட்கவில்லை. இப்போது அது என் தொல்காப்பிய உரைப் புத்தகத்துள், எச்சவியலுக்கு அடையாளமாய்க் கிடக்கின்றது.