பழைய கணினிக்கு ஒரு காவல் போதும்

உயர்தரம் பயிலும் என் மகளின் குறிப்புகள் யாவும், ஹட்டனில் பழையதாக வாங்கிய ஒரு மடிக்கணினிக்குள்ளேதான் அடங்கியுள்ளன. வைரஸ் புகுந்தால் ஈராண்டு உழைப்பும் பாழாகும். ஆகவே அதற்கேற்ற காவல் எதுவென ஆராயலானேன்.

தளர்ந்த முதுகில் இரண்டு கொழுந்துக் கூடைகளை ஏற்றுவார் உளரோ? நினைவகம் குறைந்த கணினியில் இரண்டு வைரஸ் காப்பு மென்பொருள்கள் ஒருங்கே இயங்கினால், அதுவும் அவ்வாறே தள்ளாடும். விண்டோஸ் 10 உடனேயே வரும் டிஃபெண்டர் ஒன்றே எமக்குப் போதுமானது. அதற்குப் பணமும் வேண்டுவதில்லை.

ஆயினும் 2025 ஒக்டோபர் 14 இல் விண்டோஸ் 10 இன் வழக்கமான பராமரிப்பு முடிந்துவிட்டது. புதிய வைரஸ்களை டிஃபெண்டர் இனங்காண உதவும் பட்டியல் 2028 ஒக்டோபர் வரை வருமெனினும், இயங்குதளத்தின் ஓட்டைகளை அது அடைக்காது. எனவே பரீட்சை முடிந்ததும் இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மின்டுக்கு மாற எண்ணியுள்ளோம்.

1986 இல் லாகூரில் பிறந்த ‘பிரெயின்’ வைரஸ், நெகிழ்வட்டுகளில் ஏறியே நாடு நாடாகப் பரவியது. இன்று அச்சுப் பிரதி எடுக்கக் கடைக்குச் சென்று திரும்பும் பென் டிரைவும் அத்தகைய வாகனமே. அதனைச் சோதித்த பின்னரே திறத்தலும், குறிப்புகளின் பிரதியொன்றை வேறிடத்தில் வைத்தலும் எந்த மென்பொருளும் தராத காவலாகும்.