இரண்டாம் சாட்சி

"மேற்கண்ட வாசகம் எனக்குத் தெரிந்த தெலுங்கு மொழியில் படித்துக் காட்டப்பட்டது. முழுவதும் புரிந்துகொண்டு கைநாட்டு வைக்கிறேன்." அந்த ஆங்கிலத் தாளின் கடைசி வரிக்கு இதுதான் பொருள். அதை டைப் அடித்தவள் நான். யாரும் படித்துக் காட்டவில்லை. அந்த வரிக்குக் கீழே இரண்டாம் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டவளும் நான்தான்.

1998. திருவள்ளூர் தனி மாவட்டமாகி ஒரு வருடம் ஆகியிருந்தது. பொன்னேரியில் ஒரு நோட்டரி வக்கீல் வீட்டுத் திண்ணையில் ரெமிங்டன் மெஷினைப் போட்டு ஜாப் டைப்பிங் செய்துகொண்டிருந்தேன். கும்மிடிப்பூண்டியிலிருந்து காலை ரயிலில் வருவேன், சாயங்கால ரயிலில் திரும்புவேன். பக்கத்துக்கு 5 ரூபாய். வாடகை ஒப்பந்தம், உறுதிமொழிப் பத்திரம், சிப்காட் வேலைக்கு விண்ணப்பம், பெயர் மாற்றம் என்று விரல் ஓய்ந்ததில்லை.

எனக்குத் தெலுங்கு தெரியும். எங்கள் பக்கத்தில் அது பெரிய விஷயமில்லை. எளாவூர், ஆரம்பாக்கம் தாண்டினால் தடா, அங்கிருந்து ஆந்திரா. கும்மிடிப்பூண்டி சந்தையில் கத்தரிக்காய் விலையை எந்த மொழியில் கேட்டாலும் பதில் வரும். தெலுங்கு தெரியாமல் இப்படிச் செய்திருந்தால் அது வேறு தவறு. தெரிந்துகொண்டே செய்தேன் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

அந்தப் பெண்ணுக்கு 23, 24 வயது இருக்கும். நாயுடுபேட்டைப் பக்கத்துக் கிராமம். புருஷனோடு வந்து இங்கே ஒரு ரீ-ரோலிங் மில்லுக்கு ஸ்க்ராப் பிரிக்கும் காண்ட்ராக்ட் வேலையில் இருந்தார்கள். புருஷன் இறந்து நாலு மாதம் என்று கூட வந்த ஆள் சொன்னார். அவர் ஓர் இல்லத்தின் சார்பில் வருபவர்; அதற்கு முன்பும் இரண்டு தடவை வந்திருக்கிறார். பெண்ணின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஒரு பையன். இடுப்பில் ஒரு பெண் குழந்தை, ஒரு வயது நிரம்பியிருக்காது. இரண்டு கையிலும் கருவளையல். குழந்தை என் மெஷினின் மணி அடிக்கும்போதெல்லாம் திரும்பிப் பார்த்தது.

வாசகத்தை அந்த ஆள் கையோடு கொண்டுவந்திருந்தார். பெயர், ஊர், குழந்தை பிறந்த தேதி மட்டும் நிரப்ப வேண்டும். வளர்க்க வழியில்லாததால், எவருடைய தூண்டுதலும் இல்லாமல், முழு மனதோடு, என் மகளை இல்லத்திடம் ஒப்படைக்கிறேன். இந்தியாவிலோ வெளிநாட்டிலோ தத்துக் கொடுக்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு. இனி எந்தக் காலத்திலும் உரிமை கோர மாட்டேன். 20 ரூபாய் முத்திரைத்தாள், ஒன்றரைப் பக்கம். அதற்கு அவர் எனக்கு 200 ரூபாய் கொடுத்தார். எதற்கு அவ்வளவு என்று நான் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதற்குத்தான் அவ்வளவு என்று எனக்குப் புரிந்திருந்தது. அந்தப் பெண்ணின் மடியிலும் ஒரு பழுப்புக் கவர் இருந்தது.

ஸ்டாம்ப் பேடில் அவர் கட்டைவிரலைப் பிடித்து அழுத்தியது என் கை. விரலைத் துடைக்கத் துணி தேடிக்கொண்டிருந்தபோது அவர் மெதுவாகக் கேட்டார்: "மள்ளீ எப்புடு தீசுகொஸ்தாரக்கா?"

திரும்ப எப்போது கூட்டிக்கொண்டு வருவார்கள், அக்கா?

அந்த ஒரு கேள்வியிலேயே எல்லாம் தெரிந்துவிட்டது. ஹாஸ்டலில் விடுவதுபோல என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். எங்கள் ஊர்களில் பிள்ளையில்லாத அக்காவிடம் தங்கை தன் பிள்ளையைக் கொடுத்து வளர்க்கச் சொல்வது உண்டு. பிள்ளை அங்கே வளரும், திருவிழாவுக்கு இங்கே வரும், இரண்டு பேரையும் அம்மா என்று கூப்பிடும். பெற்றவளுக்கும் பிள்ளைக்கும் நடுவில் உள்ளதை ஒரு தாள் அறுத்துவிடும் என்பது அவர் பிறந்து வளர்ந்த உலகத்தில் இல்லாத ஒன்று. அதை நான் மூன்று தெலுங்கு வாக்கியத்தில் சொல்லியிருக்கலாம். தாளில் சாட்சிக் கையெழுத்து அப்போது விழவில்லை. நிறுத்த நேரம் இருந்தது.

அவர் தெலுங்கில் கேட்டதற்கு நான் தமிழில் பதில் சொன்னேன். "பாப்பா நல்லா இருக்கும்மா." சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

அந்தக் காலத்தில் சட்டம் இல்லை என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். 1982-ல் லட்சுமி காந்த் பாண்டே என்ற வக்கீல் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். வெளிநாட்டுத் தத்து என்ற பெயரில் இந்தியக் குழந்தைகளுக்கு என்ன நடக்கிறது என்று பாருங்கள் என்று. அதையே மனுவாக எடுத்துக்கொண்டு 1984 பிப்ரவரியில் நீதிபதி பகவதி தீர்ப்பு எழுதினார். வெளிநாட்டுத் தம்பதி நேரடியாக இங்கே வந்து குழந்தை தேடக்கூடாது, அவர்கள் நாட்டில் அங்கீகாரம் பெற்ற அமைப்பு வழியாகத்தான் வரவேண்டும், அவர்கள் வீட்டைப் பற்றிய ஆய்வறிக்கை வேண்டும், முதலில் இந்தியக் குடும்பம் தேட வேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தது. பெற்றவர்கள் நெருக்குதல் இல்லாமல் முடிவெடுக்க உதவ வேண்டும், கொடுத்த பிறகும் மனம் மாற அவகாசம் தர வேண்டும் என்பதும் இருந்தது. 1990-ல் மத்தியத் தத்து ஆதார அமைப்பான காரா வந்தது. அப்போது வெளிநாட்டவர் 1890-ம் வருடத்துப் பாதுகாவலர் சட்டப்படி நீதிமன்றத்தில் உத்தரவு வாங்கித்தான் குழந்தையை வெளியே கொண்டுபோக முடிந்தது. நீதிமன்றம் அந்தத் தாள்களைச் சமூகநல அமைப்பு ஒன்றிடம் கொடுத்துச் சரிபார்த்தது.

இத்தனை காவல் இருந்தது. ஆனால் அத்தனை பேரும் சரிபார்த்தது தாளை. தாய்க்குத் தெரியுமா என்ற கேள்விக்கு, தெரியும், தெலுங்கிலேயே படித்துக் காட்டியாயிற்று, சாட்சியும் இருக்கிறாள் என்று அந்தத் தாள் பதில் சொன்னது. நீதிபதி அதை நம்பியதில் என்ன தவறு? வாசலில் நின்று பொய் சொன்னது நான்.

அதற்கு ஐந்து வருடம் முன்பு, 1993 மே 29 அன்று, ஹேக் நகரத்தில் ஓர் உடன்படிக்கை முடிவாகியிருந்தது. அதன் நான்காம் பிரிவை நான் பிற்பாடு தேடிப் படித்தேன். சம்மதம் கொடுப்பவருக்கு அதன் விளைவு என்ன, பிள்ளையோடு உள்ள சட்ட உறவு அறுந்துபோகுமா இல்லையா என்று எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். சம்மதம் சுயமாக, எழுத்தில் இருக்க வேண்டும். பணம் கொடுத்து வாங்கியதாக இருக்கக்கூடாது. தாயின் சம்மதம் பிள்ளை பிறந்த பிறகே பெறப்பட வேண்டும். இந்தியாவில் இது 2003 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அந்தப் பிரிவில் உள்ளவற்றில் இரண்டை என் திண்ணையிலேயே, என் கண் முன்னாலேயே மீறியிருக்கிறோம். படித்தபோது கை நடுங்கியது.

இதுவரை சொன்னது பாதிதான். மீதியை யாரிடமும் சொன்னதில்லை.

2005-ல் பேப்பரில் அந்தச் செய்தி வந்தது. புளியந்தோப்பு போன்ற இடங்களிலிருந்து கடத்தப்பட்ட குழந்தைகள், எங்கள் மாவட்டத்துத் திருவேற்காட்டில் இயங்கிய மலேசியன் சோஷியல் சர்வீசஸ் என்ற இல்லத்தின் வழியாக வெளிநாடுகளுக்குத் தத்துப் போயிருக்கிறார்கள் என்று போலீஸ் சொன்னது. தாய் தானே ஒப்படைத்ததாகத் தாள்கள் இருந்தன. பெற்ற தாய்மார்களோ பிள்ளையைக் காணோம் என்று ஸ்டேஷனுக்கும் கோயிலுக்கும் அலைந்துகொண்டிருந்தார்கள். பிறகு வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. நெதர்லாந்தில் வளர்ந்துகொண்டிருந்த ஒரு பையனைத் தங்கள் மகன் என்று நம்பிய சென்னைத் தம்பதி, மரபணுப் பரிசோதனை கேட்டு அந்த நாட்டு நீதிமன்றம் வரை போனார்கள்.

நான் டைப் அடித்த தாள் அந்த இல்லத்துடையது அல்ல. என் திண்ணைக்கு வந்த பெண் நிஜத் தாய்தான். அப்படிச் சொல்லி அன்று என்னைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தேன். முடியவில்லை. திருடிய பிள்ளைக்கு எழுதிய தாளும், புரியாத தாயிடம் வாங்கிய தாளும் கோப்பில் பார்த்தால் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

அடித்த ஒவ்வொரு தாளுக்கும் ஒரு கார்பன் நகலை நான் வைத்துக்கொள்வது வழக்கம். வருடவாரியாகக் கட்டி ஒரு டிரங்குப் பெட்டியில் போட்டிருந்தேன். அன்று ராத்திரி வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு 1998-ம் வருடக் கட்டைப் பிரித்து அந்த நகலை எடுத்தேன். பெண்ணின் பெயர், இறந்துபோன புருஷன் பெயர், கிராமம், மண்டலம், குழந்தையின் பெயர், பிறந்த தேதி எல்லாம் நீல எழுத்தில் தெளிவாக இருந்தன. கொல்லைப்பக்கம் வெந்நீர் அடுப்பில் போட்டு எரித்தேன். போலீஸ் வந்தால் என் கையெழுத்து அகப்படும் என்ற பயம், அவ்வளவுதான். நகல் ஒன்றே ஒன்று. அடுப்பில் ஒரு நிமிடம்கூட எரியவில்லை.

1998-ல் செய்ததை ஏழ்மை, அறியாமை என்று யாராவது மன்னிக்கக்கூடும். 2005-ல் செய்ததற்கு அந்தச் சாக்கும் கிடையாது. ஒரு தாயும் மகளும் என்றைக்காவது ஒருவரையொருவர் தேடினால் கையில் கிடைத்திருக்கக்கூடிய ஒரு நூலை, விவரம் தெரிந்த 38 வயதுக்காரி எரித்தாள்.

வளர்ந்த பிள்ளைகள் தேடுகிறார்கள் என்பது எனக்கு வெகு காலம் கழித்துத்தான் உறைத்தது. நெதர்லாந்து அரசு அமைத்த ஒரு குழு, இலங்கை உள்ளிட்ட ஐந்து நாடுகளிலிருந்து முன்பு நடந்த தத்துகளை ஆராய்ந்து 2021 பிப்ரவரியில் அறிக்கை கொடுத்தது. தவறுகள் அவ்வளவு இருந்ததால் அந்த நாடு வெளிநாட்டுத் தத்தையே நிறுத்திவைத்தது. இலங்கையிலிருந்து போனவர்கள் இன்று நடுவயதில் திரும்பி வந்து, பிறப்புச் சான்றிதழில் உள்ள பெயரை வைத்துக்கொண்டு ஊர் ஊராக அம்மாவைத் தேடுவதைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். பாதியில் எழுந்துபோய்விட்டேன்.

போன வருடம் ஸ்ரீசிட்டியில் வேலை செய்யும் பெண் ஒருத்தி என்னிடம் வந்தாள். இப்போது நான் வைத்திருப்பது கும்மிடிப்பூண்டி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை. அவளுடைய அக்கா கனடாவில் இருக்கிறாள், பிள்ளை இல்லை. இவளுடைய மூன்றாவது பிள்ளை, ஆறு வயதுப் பையன், அவனைத் தத்துக் கொடுக்க வேண்டும். "நூறு ரூபா பத்திரத்துல எழுதி நோட்டரி சீல் போட்டா போதும்னு ஏஜென்ட் சொல்றாருக்கா."

உட்காரச் சொன்னேன். கடையைப் பாதி ஷட்டர் இறக்கிவிட்டு ஒரு மணி நேரம் பேசினேன். அம்மாவின் உடன்பிறந்தவள் என்பதால் சட்டப்படி இது உறவுக்குள் தத்து. அக்கா முதலில் அங்கே அங்கீகாரம் பெற்ற தத்து அமைப்பையோ அந்த அரசையோ அணுக வேண்டும். அவர்கள் வீட்டுக்கு வந்து ஆய்வறிக்கை எழுதி, காராவின் கேரிங்ஸ் இணையதளத்தில் ஏற்றுவார்கள். இங்கே மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து உன் வீட்டுக்கு வந்து குடும்ப அறிக்கை எழுதுவார்கள். 2022 செப்டம்பரிலிருந்து உத்தரவு போடுவது நீதிமன்றம் இல்லை, கலெக்டர். காராவின் தடையில்லாச் சான்று, ஹேக் உடன்படிக்கைப்படி ஒத்திசைவுச் சான்று, அப்புறம்தான் பாஸ்போர்ட், விசா. போன பிறகும் இரண்டு வருடம் பையன் எப்படி இருக்கிறான் என்று அங்கிருந்து அறிக்கை வரும். நோட்டரித் தாளை வைத்துக்கொண்டு எந்தத் தூதரகத்துக்கும் போக முடியாது. முறையை மீறித் தத்து கொடுத்தாலும் வாங்கினாலும் 2015-ம் வருட இளைஞர் நீதிச் சட்டத்தில் மூன்று வருடம் வரை சிறை. காசுக்கு என்றால் ஐந்து.

"பையனுக்கு அஞ்சு வயசு தாண்டிட்டதால அவன் சம்மதமும் வேணும்" என்றேன்.

"ஆறு வயசுப் பிள்ளைகிட்ட என்னக்கா கேக்கறது?"

எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அவளிடம் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு, உறவுக்குள் நடப்பதற்கு அது பொருந்தாது. முன்பின் தெரியாதவர்களிடம் பிள்ளையை விடுவதானால் இன்று பெற்றவள் பிள்ளையோடு குழந்தைகள் நலக் குழுவின் முன்னால் போய் உட்கார வேண்டும். அவர்கள் விசாரிப்பார்கள், யோசனை சொல்வார்கள், அப்படியும் வேண்டும் என்றால் அவர்கள் முன்னிலையில்தான் ஒப்படைப்புப் பத்திரம். அதற்குப் பிறகும் இரண்டு மாதம். அதற்குள் மனம் மாறினால் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். மள்ளீ எப்புடு என்று கேட்ட பெண்ணுக்கு அந்த இரண்டு மாதம் கிடைத்திருந்தால், மில்லில் ஒரு மாதச் சம்பளம் கைக்கு வந்திருக்கும், ஊரிலிருந்து தம்பியோ அத்தையோ வந்திருப்பார்கள். அவர் தேடிக்கொண்டு வந்திருப்பார். இதை நான் நிரூபிக்க முடியாது. நம்புகிறேன்.

ஸ்ரீசிட்டிப் பெண் வந்துபோன பிறகு அந்த வாரமே திருவள்ளூர் கலெக்டர் அலுவலகத்துக்குப் போனேன். குழந்தைகள் பாதுகாப்பு அலகில் என் வாக்குமூலத்தை எழுதிக்கொள்ளச் சொன்னேன். அங்கிருந்த அதிகாரி சின்ன வயதுப் பெண். பொறுமையாகக் கேட்டாள். தத்துப் போனவர்கள் 18 வயதுக்குமேல் தங்கள் வேரைத் தேடி விண்ணப்பிக்கலாம், அப்படி ஒரு விண்ணப்பம் என்றைக்காவது வந்தால் இது உதவலாம் என்றாள். தாயின் பெயர்? நினைவில்லை. கிராமம்? நாயுடுபேட்டைப் பக்கம். தேதி? 1998, மழைக்காலத்துக்கு முன்பு. குழந்தை? கருவளையல், மணிச்சத்தத்துக்குத் திரும்பிப் பார்க்கும். என் பதில்கள் அந்தப் பாரத்தின் கட்டங்களுக்குள் எதிலும் சரியாக உட்காரவில்லை.

கடைசியில் தாய் கேட்ட கேள்வியைச் சொன்னேன். அந்தக் குழந்தைக்கு இப்போது 27, 28 வயது இருக்கும். எந்த நாட்டிலோ அவள் கோப்பைத் திறந்தால், அம்மா முழு மனதோடு கொடுத்துவிட்டாள் என்று என் மெஷின் அடித்ததுதான் இருக்கும்.

"இதுவும் எழுதணுமாம்மா?" என்று கேட்டாள் அதிகாரி.

எழுதச் சொன்னேன். தமிழில் பொருளை எழுதப் போனவளை நிறுத்தி, அந்த அம்மா சொன்ன தெலுங்குச் சொற்களையே ஒவ்வொன்றாகச் சொல்லி டைப் அடிக்க வைத்தேன்.