பால் புட்டி இல்லாத முதல் இரவு

சொந்த ஊரையும் உறவினரையும் விட்டு, பிழைப்புக்காக நகரத்திற்கு வந்து பிள்ளை வளர்க்கிற தாய்மாருக்கு என் அனுபவத்தைச் சொல்ல வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன். இது பெரிய காரியம் அல்ல. இரவில் பால் கேட்டு விழிக்கிற ஒரு சிறு பிள்ளையைப் பற்றியது. ஆனால் அந்தச் சிறிய காரியம் ஒரு வருட காலம் எங்கள் வீட்டின் சமாதானத்தையே குலைத்துப்போட்டது.

நாங்கள் தூத்துக்குடி மாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். என் கணவர் மைசூரு ஹெப்பாள் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு முறையில் பணிபுரிகிறார். நான் ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். எங்கள் மகள் 2022 மார்ச்சில் பிறந்தாள். 2017-இல் திருத்தப்பட்ட சட்டத்தின்படி எனக்கு 26 வாரங்கள் பேறுகால விடுப்புக் கிடைத்தது. அது முடிந்ததும் பிள்ளையைப் பக்கத்துத் தெருவில் ஒரு கன்னடக்கார அம்மாவிடம் விட்டுவிட்டு வேலைக்குச் சென்றேன். பகலில் பிரிந்திருந்ததால் தாய்ப்பால் மெல்லக் குறைந்தது. பிள்ளைக்கு ஒரு வயது முடிந்தபோது பால் புட்டியே அவளுக்குத் துணையாகிவிட்டது.

ஒன்றரை வயதைக் கடந்த பின்னும் அவள் ஓர் இரவுகூடத் தொடர்ந்து உறங்கவில்லை. பதினொன்றரை மணிக்கு ஒரு புட்டி, இரண்டு மணிக்கு ஒரு புட்டி, நாலரை மணிக்கு ஒரு புட்டி. ஒவ்வொன்றிலும் 180 மில்லி. சீக்கிரம் குடித்து உறங்கட்டும் என்று அரைக் கரண்டிச் சர்க்கரையும் நானே சேர்ப்பேன். புட்டியின் ரப்பர் வாயில் இருக்கும்போதே உறங்குவாள். மெதுவாக எடுத்தால் மறுபடியும் விழிப்பாள். காலையில் நான் அலுவலகத்தில் கணக்கு எழுதும்போது எண்கள் கண்முன் மங்கும். சபையில் முழு இரவு ஜெபத்திற்குச் சென்றாலும் என் பையில் வேதப்புத்தகத்தோடு பிளாஸ்க்கும் மூன்று புட்டிகளும் இருக்கும்.

2023 நவம்பரில் ஒரு காலை, ஜன்னலோரம் அமர்ந்து அவள் சிரித்தபோது, மேல் முன்பற்களின் ஈறோரத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டதுபோல வெள்ளையாகத் தெரிந்தது. ஒரு பல்லில் பழுப்பு நிறப் புள்ளியும் இருந்தது. பல் மருத்துவரிடம் காண்பித்தோம். உறங்கும்போது வாயில் உமிழ்நீர் குறைந்துவிடும், அதனால் பாலும் சர்க்கரையும் கழுவப்படாமல் பற்களின்மேல் தங்கிவிடும், கிருமிகள் அதை அமிலமாக்கிப் பல்லை அரிக்கும் என்று அவர் விளக்கினார். வெள்ளைக் கோடுதான் சொத்தையின் முதல் அடையாளமாம்.

அவர் சொன்னபடி குழந்தை மருத்துவரிடமும் சென்றோம். இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் ஒன்பதுக்குச் சற்றுமேல்தான் இருந்தது. இந்த வயதில் குறைந்தது பத்தரையாவது இருக்க வேண்டும். “ஒரு நாளைக்கு எவ்வளவு பால் குடிக்கிறாள்?” என்று மருத்துவர் கேட்டார். இரவில் 540, பகலில் இரண்டு புட்டிகள் 360. கூட்டிப் பார்த்தால் 900 மில்லி! ஊரார் கணக்கையெல்லாம் எழுதுகிற நான் இந்தக் கணக்கை ஒருநாளும் போட்டுப் பார்த்ததில்லை. பசும்பாலில் இரும்புச் சத்து மிகக் குறைவு. உணவிலுள்ள இரும்பை உடல் ஏற்றுக்கொள்வதையும் அது தடுக்கும். பாலால் வயிறு நிறைந்த பிள்ளை பகலில் சோறு உண்ணாது. பகலில் உண்ணாததால் இரவில் மறுபடியும் பால் கேட்கும். இந்த வட்டத்திற்குள்தான் எங்கள் பிள்ளை சுற்றிக்கொண்டிருந்தாள். ஒரு வயது கடந்த ஆரோக்கியமான பிள்ளைக்கு இரவில் பால் தேவையில்லை, நாள் முழுவதற்கும் அரை லிட்டருக்கு மேற்படாதிருந்தால் போதும் என்று மருத்துவர் சொல்லி, இரும்புச் சத்துச் சொட்டு மருந்தும் எழுதிக்கொடுத்தார்.

மைசூருக்கும் பிள்ளைகளின் பாலுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1950-இல் செலுவாம்பா மாளிகையில் தொடங்கப்பட்ட மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானிகள்தான் எருமைப் பாலிலிருந்து குழந்தை உணவு தயாரிக்கும் முறையைக் கண்டறிந்தார்கள். அதைக்கொண்டே குஜராத்தின் அமுல் நிறுவனம் பால் மாவு தயாரித்தது. தாய்ப்பால் கிடைக்காத பிள்ளைகளுக்கு அது பேருதவியாயிற்று. ஆனால் பால் மாவும் புட்டியும் வியாபார விளம்பரத்தால் தாய்ப்பாலின் இடத்தைப் பிடித்துவிடக் கூடாது என்று 1992-இல் ஒரு சட்டமும் வந்தது; அதன்படி நம் நாட்டில் பால் புட்டியை விளம்பரம் செய்யக் கூடாது. அந்த நிலையத்தின் வழியாகப் பேருந்தில் செல்லும்போதெல்லாம் நினைப்பேன்: பால் நல்லதுதான், வேளை தவறியும் அளவு தவறியும் கொடுத்தது என் பிழை.

யோசனை சொல்வதற்கு ஆட்கள் குறைவில்லை. “சளி மருந்தில் கொஞ்சம் கொடு, விடியும்வரை உறங்குவாள்” என்றார் ஒருவர். நல்லவேளை, நான் கேட்கவில்லை. அதே ஆண்டு டிசம்பரில், குளோர்பெனிரமைனும் பினைலெப்ரினும் கலந்த சளி மருந்தை நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்ற எச்சரிக்கையை அதன் அட்டையில் அச்சிட வேண்டுமென்று நம் நாட்டின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஆணையிட்டது. உறங்க வைப்பதற்காக எந்த மருந்தையும் பிள்ளையின் வாயில் ஊற்றாதிருங்கள். ஊரிலிருந்து என் அம்மா தொலைபேசியில், “பால் கேட்டு அழுகிற பிள்ளைக்கு இல்லையென்று சொல்லலாமா? பாவம் இல்லையா?” என்று வருந்தினார்கள். அந்த வார்த்தை என் உள்ளத்தில் தைத்தது.

நாங்கள் இரவில் கை வைப்பதற்கு முன் பகலைச் சரிசெய்தோம். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் அம்மா, “ராகி இருக்கும்போது பால் எதற்கு?” என்று சொல்லி, முளைகட்டிய ராகியில் கூழ் காய்ச்சிக் கொடுத்தார்கள். பருப்பும் நெய்யும் சேர்த்த சோறு, முட்டை, கீரை, பழம் என்று மெல்லப் பழக்கினோம். முதல் வாரத்தில் பாதியைத் துப்பினாள். பகல் புட்டிகளை நிறுத்தி, சிறு டம்ளரில் பால் கொடுத்தோம். சர்க்கரையை அடியோடு விட்டோம்.

மாலை ஒழுங்கையும் மாற்றினோம். ஏழரைக்கு இரவு உணவு, எட்டேகாலுக்கு, படுக்கையில் அல்ல, கூடத்தில் அமர்ந்து டம்ளரில் பால், பின்பு அரிசி மணியளவு பற்பசையால் பல் துலக்குதல், குடும்ப ஜெபம், ஒரு பாட்டு, விளக்கை அணைத்தல். ஒவ்வொரு நாளும் இதே வரிசைதான். உறக்கத்திற்கு முன் கடைசியாக வருவது பாலாக இருக்கக் கூடாது என்பதே இதன் நோக்கம். பெரியவர்களாகிய நாமும் இரவில் பலமுறை லேசாக விழித்து, புரண்டு படுத்து, மீண்டும் உறங்குகிறோம். புட்டியோடு உறங்கப் பழகிய பிள்ளையோ ஒவ்வொரு விழிப்பிலும் புட்டியைத் தேடும். அது பசியல்ல, பழக்கம்.

பின்பு மருத்துவரின் ஆலோசனைப்படி இரவுப் பாலை இரண்டு இரவுகளுக்கு ஒருமுறை 30 மில்லி வீதம் மூன்று புட்டிகளிலும் குறைத்தோம். 150, 120, 90, 60, 30 என்று பத்து இரவுகள் சென்றன. அவள் அதிகம் எதிர்க்கவில்லை. பதினோராவது இரவுதான் சோதனையாயிற்று.

என் கணவர் சக ஊழியர் ஒருவரிடம் கேட்டு, இரண்டு வாரங்களுக்கு முதல் ஷிப்டை மாற்றி வாங்கியிருந்தார். இரவில் நான் போகாமல் அவர் போவது என்று தீர்மானித்திருந்தோம்; என்னைக் கண்டால் அவளுக்குப் பால் நினைவு வரும். இரண்டு மணிக்கு அழுதாள். அவர் தூக்கித் தோளில் சாய்த்து, டம்ளரில் தண்ணீர் கொடுத்தார். தட்டிவிட்டாள். பத்து நிமிடம், இருபது நிமிடம், அரை மணி நேரம். டிசம்பர்க் குளிரில் சமையலறைத் தரையில் அமர்ந்திருந்த என்னால் தாங்க முடியவில்லை. எழுந்து பாலை அடுப்பில் வைத்தேன். பொங்கும் சமயத்தில் அவர் பிள்ளையோடு வாசலில் வந்து நின்றார். என்னைக் கடிந்துகொள்ளவில்லை. “இது அவளுக்கா, உனக்கா?” என்று மட்டும் மெதுவாகக் கேட்டார்.

அந்தக் கேள்விக்கு நான் உண்மையாகவே பதில் சொல்ல வேண்டியிருந்தது. ஆறு மாதப் பிள்ளையை விட்டு வேலைக்குப் போன குற்ற உணர்வு என்னை விட்டு நீங்கவே இல்லை. பகலில் கொடுக்க முடியாததையெல்லாம் இரவில் புட்டியில் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவள் என்னைத் தேடி விழிப்பது எனக்குத் துன்பமாயிருந்ததுபோலவே, மறைவான ஓர் ஆறுதலாகவும் இருந்தது. அந்த ஆறுதலுக்கு அவளுடைய பற்களும் இரத்தமும் விலையாகிவிட்டன. அடுப்பை அணைத்தேன். அழுதேன். நாற்பது நிமிடத்தில் அவள் தகப்பனின் தோளிலேயே உறங்கிப்போனாள்.

மறுநாள் இருபத்தைந்து நிமிடம் அழுதாள்; அதற்கடுத்த நாள் பத்து நிமிடம். ஒரு கணம்கூட அவளைத் தனியே அழவிடவில்லை. பால்தான் இல்லை, அணைப்பு எப்போதும் இருந்தது. மூன்றாம் வாரத்தில் காய்ச்சல் வந்தது. அப்போது பிடிவாதம் பிடிக்காமல், கேட்டபோதெல்லாம் பாலும் நீரும் கொடுத்தோம். குணமான பின்பு மறுபடியும் தொடங்கினோம். இம்முறை மூன்றே நாள் ஆயிற்று. ஆறு வாரம் கழிந்தபோது அவள் எட்டே முக்காலிலிருந்து காலை ஆறு மணிவரை உறங்கினாள். இந்த வயதுப் பிள்ளைகளுக்குப் பகல் உறக்கத்தையும் சேர்த்து 11 முதல் 14 மணி நேர உறக்கம் தேவை என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் கூறியிருக்கிறது. எங்கள் பிள்ளைக்கு அது அப்போதுதான் முதன்முறையாகக் கிடைத்தது.

மூன்று மாதத்தில் ஹீமோகுளோபின் பதினொன்றைத் தொட்டது. பழுப்புப் புள்ளி விழுந்த பல்லை அடைக்க வேண்டியதாயிற்று. மற்றப் பற்களில் சொத்தை மேலும் பரவவில்லை. இழந்ததெல்லாம் திரும்பிவிட்டது என்று சொல்லமாட்டேன்.

தாய்ப்பால் கொடுக்கிற சகோதரிகள் இதை வாசித்துப் பாலையே நிறுத்திவிட வேண்டாம். இரண்டு வயதுவரையும் அதற்கு மேலும் தாய்ப்பால் கொடுக்கலாம் என்பதே உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆலோசனை. ஒரு வயது கடந்த பிள்ளைக்கு மாலையிலும் விடியற்காலையிலும் கொடுத்து, நள்ளிரவுப் பாலை மட்டும் சில நிமிடங்களாகக் குறைத்துக்கொண்டு வாருங்கள். திடீரென நிறுத்தினால் மார்பில் பால் கட்டிக்கொண்டு வேதனை உண்டாகும். ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளை, எடை குறைந்த பிள்ளை, நோயுற்ற பிள்ளை இவர்களுக்கு மருத்துவரைக் கேட்காமல் இரவுப் பாலைக் குறைக்காதிருங்கள். கணவன்மாரே, இந்தக் காரியத்தில் உங்கள் தோள் மிகவும் தேவை.

ஈசாக்கு பால் மறந்த நாளை ஆபிரகாம் விருந்தோடு கொண்டாடினான் என்று ஆதியாகமத்தில் வாசிக்கிறோம். முன்பு அதை வாசிக்கும்போது, இதற்கு ஏன் ஒரு விருந்து என்று நினைப்பேன். இப்போது எனக்குப் புரிகிறது. அந்தக் கோடையில் என் அம்மா தூத்துக்குடி ரயிலில் வந்து இறங்கினார்கள். முதல் இரவு பேத்தியின் அருகே படுத்து, அவள் எப்போது அழுவாள் என்று காத்திருந்தார்கள். அவள் அழவில்லை. காலையில் எழுந்தவள் பால் கேட்கவில்லை. என் மடியில் வந்து சும்மா சாய்ந்துகொண்டாள். அம்மா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பிறகு, “சரிதான்” என்று சொல்லி, ராகிக் கூழ் காய்ச்சச் சமையலறைக்குள் சென்றார்கள்.