லாயத்து நாட்குறிப்பு

நாட்குறிப்பு எழுதும் பழக்கம் நம்மவரிடையே அருகியே காணப்படுகின்றது. வரவு செலவை எழுதி வைப்போர் உளர். பெற்றோரின் நினைவு நாளை நாட்காட்டியின் ஓரத்தில் குறித்து வைப்போரும் உளர். ஆயின், இன்று என்ன கண்டோம், என்ன செய்தோம் என்பதை நாள்தோறும் ஓர் ஏட்டில் எழுதுவோர் மிகச் சிலரே. இத்தனைக்கும் இத்துறையில் தமிழுக்கு ஒரு பெருஞ்சொத்து உண்டு. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சுக்குத் துபாசியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை, 1736ஆம் ஆண்டு முதல் 1761ஆம் ஆண்டு வரை எழுதிய நாட்குறிப்பே அது. போரும் அரசியலும் மட்டுமல்ல, கப்பல் வந்த செய்தியும் வணிகமும் ஊர்ப் பூசலும் அதில் இடம்பெற்றுள்ளன. நடையோ பேச்சு வழக்கும் பிறமொழிச் சொல்லும் கலந்த நடை. நம்மைப் போன்ற தமிழாசிரியர்கள் அதைத் திருத்த முனைந்தால் சிவப்பு மை தீர்ந்து போகும், ஏடு முடியாது.

நான் நாட்குறிப்பு எழுதத் தொடங்கியது 2024ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில். அவ்வாண்டு அக்டோபர் 5ஆம் நாள் சிங்கப்பூர் கிராஞ்சித் திடலில் இறுதிக் குதிரைப் பந்தயம் நடைபெற்றது. 1842இல் தொடங்கிய மன்றம் அது. எனக்குப் பந்தயத்தில் நாட்டமில்லை. சூதாட்டத்தால் சம்பள நாளிலேயே வெறுங்கையுடன் வீடு திரும்பிய தந்தையரையும், மறுநாள் பசியோடு வகுப்பில் அமர்ந்த அவர்தம் பிள்ளைகளையும் நான் அறிவேன். ஆயினும் அச்செய்தி எங்கள் வீட்டில் ஒரு சாவுச் செய்தியைப் போலவே வந்து விழுந்தது. காரணம் உண்டு. எங்கள் தந்தையார் ஈப்போவில் நாற்பது ஆண்டுகள் குதிரைக்காரராகப் பணி செய்தவர். அண்ணனும் அவரைப் பின்பற்றி அதே தொழிலுக்குச் சென்றார். நான் ஒருவனே ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்குச் சென்றவன்.

அன்றிரவு அண்ணன் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்பா பார்த்த குதிரைங்க பேரெல்லாம் ஒனக்கு நெனைவிருக்கா, தம்பி?" என்று கேட்டார். எனக்கு இரண்டு பெயர்களே தெரிந்திருந்தன. நூற்றுக்கணக்கான குதிரைகளைத் தேய்த்துக் குளிப்பாட்டி, நடத்தி, நோயில் உடனிருந்து காத்த மனிதரைப் பற்றி எங்களிடம் ஒரு வரி எழுத்து இல்லை. வென்ற குதிரையின் பெயரும் அதன் உடைமையாளர் பெயரும் செய்தித்தாளில் வரும். கயிற்றைப் பிடித்து நிற்பவரின் பெயர் எங்கே வரும்? மறுநாள் கடைக்குச் சென்று தடித்த அட்டையிட்ட ஏடு ஒன்று வாங்கினேன்.

அண்ணன் ஓய்வு பெற்றபோது, ஓடி ஓய்ந்த இரு குதிரைகளைத் தம்முடன் அழைத்துவந்துவிட்டார். நகருக்கு வெளியே உள்ள எங்கள் குடும்ப நிலத்தில்தான் இப்போது எல்லாரும் வாழ்கிறோம்: அண்ணன் குடும்பம், என் குடும்பம், ராசா, செல்வி என்னும் அக்குதிரைகள், கறுப்பன், மணி, சூட்டி என்னும் மூன்று நாய்கள். ராசாவுக்கு வயது இருபத்திரண்டு. ஆஸ்திரேலியாவில் பிறந்த பந்தயக் குதிரைகளுக்கெல்லாம் ஆகஸ்டு முதல் நாளே பிறந்த நாள் என்பது விதி. பள்ளியில் சேர்க்கும்போது தலைமையாசிரியர் கொடுத்த பிறந்த நாளையே ஆயுள் முழுதும் சுமந்த நம் முன்னோர் சிலரை இது நினைவூட்டுகிறது.

வைகறை ஐந்தரைக்கு லாயத்தில் விளக்கு எரியும். சாணத்தை வாருதல், நீர்த் தொட்டியைக் கழுவுதல், புல்லும் தீனியும் இடுதல், குளம்பைத் தூக்கிப் பார்த்தல் ஆகிய இவை முடிந்த பின்னரே நான் பள்ளிக்குப் புறப்படுவேன். குளம்பு மாதத்திற்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளரும். ஆறு அல்லது எட்டு வாரத்திற்கு ஒருமுறை செதுக்கிச் சீர்செய்ய வேண்டும். நம் நாட்டு ஈரத்தில் அது எளிதில் ஊறி மெலியும் என்பதால் நாள்தோறும் துடைத்துப் பார்ப்பது நன்று. ஒருநாள் என் ஏட்டிலிருந்து ஒரு பக்கத்தை ஐந்தாம் ஆண்டு மாணவர்க்குச் சொல்லெழுதுதலாகக் கொடுத்தேன். பாதிப்பேர், "குதிரையின் குழம்பில் சேறு ஒட்டியிருந்தது" என்று எழுதியிருந்தனர். ளகர ழகர வேறுபாட்டை விளக்க அதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்கு இதுவரை கிடைத்ததில்லை.

மொழியைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். புரவி, பரி, இவுளி, மா என இலக்கியம் நமக்குக் குதிரைக்குப் பல பெயர்களைத் தந்துள்ளது. அண்ணனின் லாயத்திலோ வேறொரு தமிழ் வழங்குகிறது. புல்லுக்கு அங்கே 'ரும்புட்', குதிரை நிற்கும் அறை 'பாக்ஸ்', குதிரைக்காரர் 'சைஸ்'. இந்தச் 'சைஸ்' அரபியில் பிறந்து, இந்துஸ்தானியில் வளர்ந்து, ஆங்கிலேயர் வழியாக மலாயாவுக்கு வந்த சொல். கடிவாளம், சேணம், லாடம், குளம்பு ஆகியவை மட்டும் அப்படியே நின்றுள்ளன. நான் அண்ணனின் சொல்லை முதலிலும் நூல்வழக்குச் சொல்லை அடுத்தும் எழுதுகிறேன். தனித்தமிழ் அன்பர்கள் பொறுத்தருள்க. உழைத்தவர் வாயில் புழங்கிய சொல்லை அழித்துவிட்டு உழைப்பை மட்டும் பதிவு செய்ய எனக்கு மனம் வரவில்லை.

முப்பது ஆண்டுகளாகப் பாடக்குறிப்பு எழுதிப் பழகிய கை என்பதால், தொடக்கப் பக்கங்களில் அதன் சாயல் தெரியும். "நோக்கம்னு ஒண்ணும் போடலையாப்பா?" என்று என் மகள் சிரித்தாள். ஆனால் அந்தக் கட்டுப்பாடான பழக்கமே ஓர் இரவு எங்களுக்குக் கைகொடுத்தது.

2025ஆம் ஆண்டின் மழைக்காலம். நள்ளிரவு கடந்த நேரத்தில் கறுப்பன் குரைத்தான். அந்நியரைக் கண்டால் குரைக்கும் குரல் அன்று. விட்டுவிட்டு, வீட்டை நோக்கித் திரும்பித் திரும்பிக் குரைத்தான். ஓடிச் சென்று பார்த்தோம். ராசா முன்னங்காலால் தரையைப் பறித்துக்கொண்டு, தன் விலாவையே திரும்பித் திரும்பிப் பார்த்து நின்றது. உடலெங்கும் வேர்வை. படுத்துப் புரள முயன்றது. குதிரைக்கு வயிற்று வலி என்றால் விளையாட்டன்று. அதனால் வாந்தி எடுக்க இயலாது. உள்ளே தேங்கியதும் வீங்கியதும் வெளியேற வழியின்றி உயிரையே குடித்துவிடும். அண்ணன் கயிற்றைப் பிடித்து மெல்ல நடத்தினார். நான் விலங்கு மருத்துவரை அழைத்தேன்.

அவர் வந்ததும் கேட்ட முதல் வினா, "கடைசியாக எப்போது சாணம் போட்டது? எவ்வளவு தண்ணீர் குடித்தது?" என்பதே. அந்நேரத்துப் பதற்றத்தில் யாருக்கு நினைவிருக்கும்? ஏட்டை எடுத்துவந்து விளக்கொளியில் படித்தேன். முந்திய நாள் மாலை நீர்த் தொட்டி பாதிக்கு மேல் நிறைந்தே இருந்தது, காலைச் சாணம் குறைவு, உலர்ந்திருந்தது, மாலையில் இல்லை. மருத்துவர் கேட்டுக்கொண்டே தலையசைத்தார். வலிக்கு ஊசியிட்டு, மூக்கின் வழியே வயிற்றுக்குள் குழாய் செலுத்தி, நீரும் மருந்தெண்ணெயும் விட்டார். விடிய விடிய நடந்தோம். ஐந்து மணி அளவில் ராசா சாணமிட்டது. ஐம்பது வயதைக் கடந்த ஒரு தலைமையாசிரியர் குதிரைச் சாணத்தைக் கண்டு கண்கலங்கினார் என்று என் மாணவர்களிடம் சொன்னால் நம்பமாட்டார்கள். கறுப்பன் அதற்குள் வைக்கோலில் படுத்து உறங்கிப்போயிருந்தான்.

1864இல் தோன்றிய பினாங்கு மன்றமும் 2025இல் பந்தயத்தை நிறுத்திக்கொண்டது. அண்ணனின் பழைய நண்பர்கள் சிலர் இப்போது எங்கள் லாயத்திற்கு வந்து, தேநீர் அருந்திக்கொண்டே பழங்கதை பேசுகின்றனர். நான் ஓரமாக அமர்ந்து எழுதுகிறேன். "அதை எழுதாதீங்க, சார்" என்பார் ஒருவர். "எழுதுங்க, எழுதுங்க" என்பார் மற்றவர்.

ஏட்டின் இறுதிப் பக்கங்களைத் தந்தையார் பராமரித்த குதிரைகளின் பெயர்ப் பட்டியலுக்கென ஒதுக்கியுள்ளேன். இரவு உணவுக்குப் பின் அண்ணன் சொல்லச் சொல்ல எழுதுகிறேன். இதுவரை பதினேழு பெயர்கள் சேர்ந்துள்ளன. பதினெட்டாவது குதிரை சாம்பல் நிறம், இடது காதில் வடு, அப்பாவைத் தவிர வேறெவரையும் அண்டவிடாது என்கிறார். பெயர் மட்டும் அவர் நாவில் வரவில்லை. அடையாளங்களை எழுதிக்கொண்டு, பெயருக்கு இடம் விட்டு வைத்திருக்கிறேன்.